பீராக்: கறியும் கோஸும் அடைத்த வோல்கா ஜெர்மானியர் பன், வீட்டிலேயே செய்யும் முறை

நான் முதன்முதலில் சுட்ட பீராக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி அதைக் கடித்துப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். அடி பிளந்து, சாறு கசிந்து, பட்டர் பேப்பர் ஒரு துண்டு அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "மேல்பக்கம் யாருக்கும் நன்றாகத்தான் வரும்" என்றார். விமர்சனம் அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார், வரும்போது இரண்டு கோஸும் வாங்கி வரச் சொன்னார்.

அந்தப் பாட்டி பிறந்தது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், எல்லிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில். கல்யாணமாகி வந்தது நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துக்கு. அவர் பிறந்த வீட்டில் இந்தப் பன் உருண்டையாக இருக்கும், பெயர் பீராக். புகுந்த வீட்டில் நீளமாக இருக்கும், பெயர் ரன்ஸா. கொலராடோ பக்கம் போனால் கிரவுட்பர்கர் என்பார்கள். உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் ஒன்றுதான்: கொத்துக்கறி, முட்டைகோஸ், வெங்காயம், உப்பு, மிளகு. வெளியே கொஞ்சம் இனிப்பான, மெத்தென்ற ஈஸ்ட் ரொட்டி. ஆனாலும் இரண்டும் ஒன்றா என்று அந்த வீட்டில் கேட்டுவிடாதீர்கள். அறுபது வருடமாக ஒரே தட்டில் பாதி உருண்டை, பாதி நீளம் என்றுதான் சுடுகிறார்கள்.

இதைச் செய்தவர்கள் யார்?

பெயரைப் பார்த்து பீருக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு சொட்டு பீர் கிடையாது. ரஷ்யர்களின் பிரோக், பிரோஷ்கி என்ற சொற்கள் ஜெர்மன் நாக்கில் புரண்டு பீராக் ஆகியிருக்கிறது என்பார்கள். துருக்கியரின் பொரெக் என்ற சொல்லையும் காட்டுவார்கள். இந்தப் பன்னைச் செய்த வோல்கா ஜெர்மானியர்களில் அர்ஜென்டினாவில் குடியேறியவர்கள் பிரோக் என்றே சொல்கிறார்கள்.

ஜெர்மானியருக்கு ரஷ்யச் சொல் எப்படி வந்தது? ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் பிறப்பால் ஜெர்மானியர். 1763 ஜூலையில் அவர் ஓர் அறிக்கை விட்டார்: வெளிநாட்டார் வந்து குடியேறலாம், நிலம் தருகிறோம், அவரவர் மதத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம், பட்டாளத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம். போரில் நொடித்துப்போயிருந்த ஜெர்மன் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளம்பிப் போய், வோல்கா ஆற்றின் இரு கரையிலும் சரத்தோவ் நகரத்தைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை உண்டாக்கின. பேச்சும் ஜெபமும் ஜெர்மன், அடுப்பில் மட்டும் அக்கம்பக்கத்து ரஷ்யச் சமையல் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. நூறு வருடம் கழித்து வாக்கு மாறியது. 1871ல் சலுகைகள் போயின, 1874ல் பட்டாளச் சேவை கட்டாயமானது. அதோடு அடுத்த கப்பல் பயணம், இந்தத் தடவை அமெரிக்காவுக்கு. 1876ல் எல்லிஸ் கவுண்டியில் ஹெர்ட்ஸோக், கேத்தரின், முன்ஜோர், ஃபைஃபர் என்று அடுத்தடுத்து ஊர்கள் எழுந்தன. வோல்காவில் விட்டுவந்த ஊர்ப் பெயர்களையே பெரும்பாலும் இங்கேயும் வைத்தார்கள். லிங்கனில் சால்ட் கிரீக் ஓடையை ஒட்டிய தாழ்வான நிலத்தில் நார்க்கா, ஃபிராங்க் என்ற வோல்கா ஊர்க்காரர்கள் குடியேறினார்கள். கோடை வந்தால் குடும்பத்தோடு பீட் கிழங்கு வயலுக்குக் கூலிக்குப் போவார்கள், சர்க்கரை ஆலைக்குப் போகும் கிழங்கு. வோல்கா ஊர்களிலேயே தங்கிவிட்டவர்களை 1941 ஆகஸ்ட் 28ஆம் தேதி உத்தரவு போட்டு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடு கடத்தினார் ஸ்டாலின்.

இந்தக் கதையைச் சும்மா சொல்லவில்லை. வயலில் குனிந்து வேலை செய்கிறவர் மண் பிடித்த ஒரு கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். தட்டு கூடாது, கரண்டி கூடாது, ஆறினாலும் நன்றாயிருக்க வேண்டும், பையில் கிடந்து கசியக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான். கசியக்கூடாது.

முதலில் உள்ளடம் (உள்ளே அடைக்கும் கறிக் கலவை), மாவு அப்புறம்

பெரும்பாலான குறிப்புகள் மாவில் ஆரம்பிக்கும். நான் உள்ளடத்தில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது முழுதாக ஆற வேண்டும். முடிந்தால் முந்தின நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பதினாறு பன்னுக்கு: மாட்டுக் கொத்துக்கறி 600 கிராம், முட்டைகோஸ் 700 கிராம், பெரிய வெங்காயம் 300 கிராம், உப்பு 2 டீஸ்பூன், அப்போதே பொடித்த மிளகு ஒன்றரை டீஸ்பூன். எண்ணெய் வேண்டாம். கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கட்டும். உடம்புக்கு நல்லதென்று கொழுப்பே இல்லாத கறி வாங்கினால் கோஸ் வதங்காது, வேகும். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு வாசனை வரும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாம், நன்றாகவே வரும். கோழி என்றால் 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகலமான வாணலியைக் காயவைத்துக் கறியைப் போட்டு, கட்டையால் உடைத்துக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீர் விடும், அது வற்றும், அப்புறம் சத்தம் மாறும். சளசள என்று கொதித்த சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் கேட்கும்போதுதான் கறி நிறம் பிடிக்க ஆரம்பிக்கிறது. அங்கங்கே நன்றாகப் பழுப்பேறட்டும். இறைச்சி மசாலா எதுவும் கிடையாது என்பதால் இந்தப் பழுப்புதான் ருசி. கொழுப்பு நிறைய தேங்கினால் 2 டேபிள்ஸ்பூன் மட்டும் விட்டுவிட்டு மீதியை வடித்துவிடுங்கள்.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்குங்கள். பிறகு கோஸ். நூடுல்ஸ் மாதிரி நீளமாக நறுக்காதீர்கள். கடிக்கும்போது ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் உள்ளடம் மொத்தமும் கூடவே வந்துவிடும். விரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னதாக நறுக்குங்கள், நடுத்தண்டை எடுத்துவிடுங்கள். வாணலியில் குவித்தால் மலை மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். உப்பைப் போட்டு 5 நிமிடம் மூடி வைத்தால் பாதியாகிவிடும். அதோடு மூடியின் வேலை முடிந்தது. திறந்து வைத்து, நடுத்தர தீயில் இன்னும் 10, 12 நிமிடம் வதக்க வேண்டும்.

எப்போது இறக்குவது? கரண்டியால் வாணலியின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். அந்த வழியில் தண்ணீர் ஓடி வந்தால் இன்னும் ஆகவில்லை. கோடு கோடாகவே நின்று, ஓரத்தில் கொழுப்பு மட்டும் மினுங்கினால் இறக்கலாம். நான் முதல் தடவை கோட்டை விட்டது இங்கேதான், கோஸ் வெந்துவிட்டதே என்று இறக்கிவிட்டேன். வெந்தால் போதாது, வற்ற வேண்டும்.

மிளகைக் கடைசியில் போட்டுக் கிளறி, ருசி பாருங்கள். உப்பும் மிளகும் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். ஆறினால் உப்பு மங்கும், சுற்றிலும் இனிப்பு மாவு வேறு வரப்போகிறது. ஒரு வடிதட்டில் கொட்டி, அடியில் கிண்ணம் வைத்து ஆறவிடுங்கள். இவ்வளவு வற்றவைத்த பிறகும் இரண்டு ஸ்பூன் நீர் கீழே இறங்கியிருக்கும், பாருங்கள்.

இந்த இடத்தில் நம் கை சும்மா இருக்காது. இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் கரம் மசாலா என்று அலமாரியைத் திறக்கச் சொல்லும். உங்கள் வீட்டுச் சமையல், தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது பஃப்ஸ் கடை உள்ளடமாகிவிடும். பழுப்பேறிய கறியின் கொழுப்பில் கோஸின் இனிப்பும் மிளகின் காரமும் மட்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று ஒரு தடவையாவது பார்த்துவிட்டு மாற்றுங்கள். அவர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. சில வீட்டில் பூண்டு போடுவார்கள், சில வீட்டில் கோஸில் பாதிக்குப் புளிக்கவைத்த கோஸைப் பிழிந்து போடுவார்கள். சீஸ் வைப்பது இப்போதைய பழக்கம். பாட்டி சீஸைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாவு

மைதா அல்லது ரொட்டி மாவு 700 கிராம், பால் 350 மில்லி, வெண்ணெய் 75 கிராம், சர்க்கரை 60 கிராம், முட்டை 1, உப்பு 2 டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம்.

பாலை ஒரு கொதி வரும்வரை காய்ச்சி, வெண்ணெயையும் சர்க்கரையையும் அதிலேயே போட்டுக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சுமார் 40 டிகிரி செல்சியஸ். விரலை வைத்து ஐந்து எண்ணும்வரை சுகமாக இருந்தால் சரி, சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பாலைக் காய்ச்சாமலும் செய்யலாம்தான், ஆனால் காய்ச்சிய பாலில் ரொட்டி இன்னும் மெத்தென்று வருகிறது. மாவு, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் கலந்து, பாலும் அடித்த முட்டையும் ஊற்றிப் பிசையுங்கள். நம் ஊர் மைதா பிடிக்கும் நீர் கொஞ்சம் குறைவு, ஆகையால் 2 டேபிள்ஸ்பூன் பாலைக் கையில் வைத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் சேர்க்கலாம்.

கையால் 10 நிமிடம். முதல் 3 நிமிடம் விரலெல்லாம் அப்பிக்கொண்டு எரிச்சல் வரும், அப்போது மாவு தூவினால் ரொட்டி கல்லாகும். பொறுத்துப் பிசையுங்கள், தானாக விடுபடும். கடைசியில் தொட்டால் காது மடல் மாதிரி இருக்க வேண்டும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடிவைத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். நெப்ராஸ்காக் குளிர்காலத்தில் இரண்டரை மணி நேரம் ஆனதும் உண்டு. கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

(அவசரமென்றால் கடையில் விற்கும் உறைந்த ரொட்டி மாவை வாங்கிச் செய்கிற பாட்டிகளும் அங்கே நிறைய. அதைக் குறைவாக யாரும் நினைப்பதில்லை. நாற்பது, ஐம்பது என்று சுடும் வீட்டில் யார் அத்தனை மாவு பிசைவது?)

மூடுவது

இதுதான் வேலையின் உயிர், இங்கே நிதானம் வேண்டும்.

உப்பிய மாவை அமுக்கிக் காற்றை இறக்கி, பதினாறு உருண்டையாக்குங்கள். ஒவ்வொன்றும் 75 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஈரத்துணி போட்டு 10 நிமிடம் விட்டால்தான் தேய்க்கும்போது சுருங்காது. சப்பாத்திக்கட்டையால் 13 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும், ஆனால் சப்பாத்தி மாதிரி ஒரே கனமாக வேண்டாம். நடு கனமாகவும் ஓரம் மெல்லிசாகவும் இருக்கட்டும். ஓரங்களெல்லாம் அடியில் ஒன்றுகூடி மடிப்பு மேல் மடிப்பாகும். ஓரமும் கனமாக இருந்தால் அடியில் வேகாத மாவுக் கட்டி நிற்கும், மேலேயோ தோல் போல மெலிந்துவிடும்.

குளிர்ந்த உள்ளடத்தில் 60 கிராம், அதாவது குவித்த மூன்று டேபிள்ஸ்பூன், நடுவில் வையுங்கள். கையால் லேசாக உருட்டி வைத்தால் சிதறாது. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் சுத்தமாக இருக்க வேண்டும். கொழுப்பு பட்ட மாவு மாவோடு ஒட்டவே ஒட்டாது. எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து மேலே கொண்டுவந்து கிள்ளுங்கள், அப்புறம் மற்ற இரண்டு பக்கம், அப்புறம் இடையில் தொங்கும் மூலைகள். பூரணக் கொழுக்கட்டை பிடித்த கைக்கு இது புதிதில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு திருகு திருகி, கட்டைவிரலால் அமுக்கி, கிள்ளி ஒட்டிய மூட்டு அடியில் போகும்படி தட்டில் வைக்க வேண்டும்.

பாட்டி மூடும்போது நான் கவனித்தது ஒன்று. உள்ளடம் எடுக்கும் கை வேறு, மாவு மூடும் கை வேறு. வலது கையால் ஸ்பூனைத் தொட்டால் மூடி முடிக்கும்வரை அந்தக் கை மூட்டின் பக்கமே வராது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உலர்ந்த மாவு வைத்திருந்தார், ஒவ்வொரு பன்னுக்கும் முன்னால் இடது கை விரல் நுனிகளை அதில் தொட்டுக்கொள்வார். நான் தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஈரமான மூட்டு வழுக்கிக்கொண்டு திறக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ரன்ஸா வடிவம் வேண்டுமென்றால் 15க்கு 12 சென்டிமீட்டர் செவ்வகமாகத் தேய்த்து, உள்ளடத்தை நீளவாக்கில் வைத்து, இரண்டு நீள ஓரங்களையும் நடுவில் சேர்த்துக் கிள்ளி, தலைப்புகளை உள்ளே மடித்துக் கிள்ளுங்கள். பெரிய குடும்பங்களில் இன்னொரு வழி: மாவு மொத்தத்தையும் மேசையில் ஒரே தாளாகத் தேய்த்து, கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி, நான்கு மூலையையும் கடித உறை மாதிரி நடுவில் சேர்ப்பது. வேகமான வழி. நான்கு தையலையும் மூலை வரைக்கும் கிள்ள மறக்கக்கூடாது.

ரன்ஸா என்ற பெயர் அமெரிக்காவில் பதிவு செய்த வணிகப் பெயர். 1949ல் லிங்கனில் பயனியர்ஸ் பார்க் பக்கத்தில் சாலி எவரெட் என்ற பெண்மணி, தன் குடும்பத்துக் கைப்பக்குவத்தை விற்க ஒரு சின்னக் கடை திறந்தார். இன்று நெப்ராஸ்கா முழுக்கக் கிளைகள். ஜனவரி, பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமைகளில் காலை 6 மணிக்கு எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட்டோ அத்தனை சென்ட்டுக்கு ஒரு ரன்ஸா தருவது அந்தக் கடையின் வழக்கம். கூடவே உருளைக்கிழங்கு வறுவலும் குடிக்க ஒன்றும் வாங்க வேண்டும். நெப்ராஸ்காவின் ஜனவரியை அனுபவித்தவர்களுக்கு அது எவ்வளவு மலிவு என்று தெரியும்.

சுடுவது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, மூன்று விரல் இடைவெளி விட்டு அடுக்கி, துணி மூடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் குழி மெதுவாக மேலே வர வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஓவனில் பக்கவாட்டில் பரந்து மூட்டு திறக்கும். ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கி, நடுத்தட்டில் 18 முதல் 22 நிமிடம். மேலே தேன் நிறம் வந்தால் போதாது, ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள், அங்கேயும் நிறம் பிடித்திருக்க வேண்டும். வெளியே எடுத்த சூட்டிலேயே வெண்ணெய் தடவி, உடனே கம்பித் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சுட்ட தட்டிலேயே கிடந்தால் வேர்த்து, இவ்வளவு நேரம் பட்ட பாடு வீணாகும்.

கெட்டுப்போனால் காரணம் தேட வேண்டிய இடங்கள்: பிட்டுப் பார்க்கையில் மேல் ரொட்டிக்கும் உள்ளடத்துக்கும் நடுவே பெரிய குகை இருந்தால் உள்ளடம் சூடாகவோ ஈரமாகவோ இருந்திருக்கிறது, நீராவி மாவைத் தூக்கிவிட்டது. அடி பிளந்தால் மூட்டில் கொழுப்பு பட்டிருக்கிறது, இல்லை நிறைய அடைத்துவிட்டீர்கள். ரொட்டி வறண்டு பொடிந்தால் பிசையும்போது கூடுதல் மாவு தூவியிருப்பீர்கள்.

கடுகு சாஸ் தொட்டுச் சாப்பிடுவார்கள், கெட்ச்அப் என்றும் ஒரு கட்சி உண்டு. எனக்கு எதுவும் வேண்டாம், கூட ஒரு ஊறுகாய் வெள்ளரி போதும்.

அந்த ஊரில் பதினாறு என்பது ஒரு கணக்கே இல்லை. சர்ச்சில் நிதி திரட்ட விற்கும்போது நூற்றுக்கணக்கில் போகும். வீட்டில் அறுவடைக் காலத்துக்கோ பிள்ளைகள் விடுதிக்குக் கிளம்பும் சமயத்துக்கோ நாலு தட்டு சுட்டு ஃபிரீசரில் வைப்பார்கள். முழுதாக ஆறிய பிறகு ஒவ்வொன்றையும் ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி, பையில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள், மூன்று மாதம் நன்றாயிருக்கும். சாப்பிட நினைத்த நாளில் ஃபாயிலோடு 160 டிகிரியில் 30 நிமிடம், கடைசி 5 நிமிடம் ஃபாயிலைப் பிரித்துவிட்டால் மேல்தோல் மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவ்தான் இருக்கிறதென்றால் ஃபாயிலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஈரம் தொட்ட காகிதத் துண்டில் சுற்றிப் பாதித் திறனில் இரண்டு நிமிடம் வைத்து, திருப்பிப் போட்டு இன்னும் ஒரு நிமிடம். முழுத் திறனில் வைத்தால் ரொட்டி ரப்பராகும், நடுவில் கறி பனிக்கட்டியாகவே இருக்கும்.